ஃபில்டரைக் கழுவியும் மகனுக்குக் காலைத் தும்மல் நிற்கவில்லை, ஏர்கானில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

செங்காங்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, சிஸ்டம் 3 ஏர்கான் (ஒரு வெளி யூனிட், மூன்று உள் யூனிட்), போட்டு ஐந்து வருடம் இருக்கும். மகன் தொடக்கநிலை 1 படிக்கிறான். ராத்திரி ஏர்கான் போட்டுத் தூங்கினால் காலையில் கண் விழித்ததுமே வரிசையாகத் தும்மல், மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நுனியே சிவந்துவிடுகிறது, அப்புறம் பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. வார இறுதியில் தாத்தா வீட்டில் மின்விசிறி மட்டும் போட்டுப் படுக்கும்போது இவ்வளவு இல்லை.

ஃபில்டரை நானேதான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். போன வாரம் காற்று வரும் மடிப்புக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன், உள்ளே சுற்றும் உருளையில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சர்வீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் கெமிக்கல் வாஷ் செய்யச் சொல்கிறார், போன தடவை கேஸ் (குளிரவைக்கும் வாயு) குறைந்துவிட்டது, டாப்-அப் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். உண்மையிலேயே தேவையா, வியாபாரத்துக்குச் சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபில்டர் மேல் வெட்டி ஒட்டுகிற வெள்ளைத் தாள் ஒன்று விற்கிறார்கள், நுண்துகள்களைப் பிடிக்குமாம், அதை வாங்கலாமா? மாமியார் ஏர்கானையே நிறுத்து என்கிறார். ஆனால் இந்தப் புழுக்கத்தில் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறான்.

கருவிப்பெட்டி எழுதியது:

இங்கே ஏர்கான் வேலைதான் பார்க்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த முன்பக்க வலை உங்கள் நுரையீரலுக்காக வைத்தது இல்லை, பின்னால் இருக்கும் காயிலை, அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய் அடுக்கைக் காப்பாற்ற வைத்தது. நூல், முடி, பெரிய தூசி இவற்றைப் பிடிக்கும், புகையும் நுண்துகளும் அதன் கண்கள் வழியாக அப்படியே போய்விடும். அதற்காகக் கழுவுவது வீண் இல்லை. வலை அடைத்தால் காற்று குறையும், தூசி காயிலில் ஏறும், ஈரத்தோடு சேர்ந்து சேறாகும், பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. இரண்டு வாரம் சரியான கணக்கு. முதலில் வாக்யூம் போட்டு உலர்ந்த தூசியை எடுத்துவிட்டு, பிறகு வலையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள், தூசி வந்த வழியே வெளியே போகும், முன்பக்கம் அடித்தால் கண்ணுக்குள் இன்னும் இறுகும். கூடத்து யூனிட்டில் தாளிப்பு எண்ணெய் படிந்து பிசுபிசுப்பாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு போதும், சுடுதண்ணீர் வேண்டாம், வலை வளைந்துவிடும். வெயிலில் போடாமல் நிழலில் காயவையுங்கள், துளி ஈரம் இருந்தாலும் திரும்ப மாட்டாதீர்கள்.

அந்த ஒட்டுத்தாளை வாங்க வேண்டாம். யூனிட்டின் விசிறிக்கு அவ்வளவு அடர்த்தியான தாள் வழியாகக் காற்றை இழுக்கும் வலு கிடையாது. காற்று குறைந்தால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனி கட்டும், அது உருகும்போது சுவரில் தண்ணீர் ஒழுகும், அறை குளிராததால் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடி மின்கட்டணமும் ஏறும்.

இப்போது கருப்புப் புள்ளி. அது பெரும்பாலும் பூஞ்சைதான், ஃபில்டரை எத்தனை தடவை கழுவினாலும் அது இருக்கும் இடத்துக்கு உங்கள் கை போகாது. ஏர்கான் ஓடும்போது காயிலில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும், தட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியேறும். காலையில் பட்டென்று அணைத்துவிட்டால் மிச்ச ஈரம் பகல் முழுக்க உள்ளேயே இருட்டில் நிற்கிறது, நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், எப்படிக் காயும்? அதனால் அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் விடுங்கள். காசில்லாத வேலை, பூஞ்சை திரும்பி வருவதைத் தள்ளிப்போடும்.

சாதாரண சர்வீஸ் என்றால் வலை, மூடி, தட்டு எல்லாம் கழுவி, வடிகுழாயை வாக்யூம் வைத்து உறிஞ்சுவது. கெமிக்கல் வாஷ் என்றால் காயிலுக்கும் உருளைக்கும் மருந்து அடித்து, தண்ணீர் விட்டு அலசி எடுப்பது. மொத்தமாகக் கழற்றிச் செய்வது ஓவர்ஹால், அதற்கு விலை இன்னும் அதிகம். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கெமிக்கல் தேவையே இல்லை. உருளையின் இதழ்களில் கருப்பு படிந்திருக்கிறது, போட்டதும் ஈரத்துணி வாடை வருகிறது, ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று குறைவு, இவற்றில் ஏதாவது இருந்தால் செய்யலாம். உங்கள் மகன் அறை யூனிட்டுக்கு இப்போது தேவைப்படும் என்றே நினைக்கிறேன், மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், மூன்றுக்கும் சேர்த்துப் போடச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து வாடை போகிற வரை நன்றாக அலசச் சொல்லுங்கள்.

கேஸ் விஷயம். அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. எங்கே கசிகிறது என்று காட்டாமல் வெறுமனே நிரப்பினால் அது திரும்பவும் குறையும். அளவுமானியை வைத்து அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதியது:

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் தங்கச்சி, ஏர்கானை மட்டும் பார்த்துவிட்டு மெத்தையை விட்டுவிடாதே. என் மகளுக்கும் இதே காலைத் தும்மல். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள், தூசி உண்ணி ஒவ்வாமை என்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தை, தலையணை, பொம்மைக்குள் வாழ்கிறது. சிங்கப்பூரில் பிளோமியா டிராபிகாலிஸ் என்ற வகை நிறைய, நம் ஈரக்காற்று அதற்குத் தோதானது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் திணறும். அப்படிப் பார்த்தால் ஏர்கான் ஈரத்தைக் குறைப்பது நல்லதுகூட.

தாத்தா வீட்டில் தும்மல் குறைவு என்றாயே, அங்கே ஏர்கான் மட்டுமா இல்லை? மெத்தையும் வேறு, தலையணையும் வேறு. அவன் கட்டிலிலேயே சில ராத்திரி ஏர்கான் இல்லாமல், சன்னலைத் திறந்து மின்விசிறி போட்டுப் படுக்கவைத்துப் பார். அப்போதும் தும்மினால் மெத்தைப் பக்கம் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் ஏர்கான் பக்கம். விரிப்பு, தலையணை உறை எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் போடு, மெஷினில் சுடுதண்ணீர் இல்லையென்றால் சூடான டிரையரில் ஓட்டு. நெருக்கமாக நெய்த மெத்தை உறை கிடைக்கிறது, செலவு செய்யலாம். காற்று நேராக முகத்தில் அடிக்காமல் மடிப்பை மேலே திருப்பி 25 டிகிரியில் வைத்து மின்விசிறியும் சேர்த்துப் போடு, வீங்கிய மூக்குக்குச் சில்லென்ற காற்றே தும்மலைக் கிளப்பும். மருந்துக்கடையில் மூக்கடைப்பு ஸ்ப்ரே வாங்கி நாள்கணக்கில் அடிக்காதே, விட்டதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். மருத்துவரிடம் காட்டு.

புக்கிட்_பாஞ்சாங்காரன் எழுதியது:

ஒன்று விட்டுப்போய்விட்டது. நம் வீட்டு ஸ்பிளிட் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. நாலு பேர் கதவைச் சாத்திப் படுத்தால் விட்ட மூச்சுதான் விடியும்வரை சுற்றுகிறது, காலையில் தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எழுந்ததும் சன்னலையும் வாசற்கதவையும் எதிரெதிராகத் திறந்து பத்து நிமிடமாவது காற்றோட்டம் விடுங்கள். செவ்வாய் வெள்ளியில் சாம்பிராணி போடுகிறீர்களா? அந்தப் புகை நுண்துகள்தான், ஃபில்டர் வலை அதைத் தடுக்காது, மூடிய வீட்டில் படுக்கையறை வரை போய் மெத்தையில் தங்கும். போடும்போது சன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளை அறைக் கதவு மூடியிருக்கட்டும்.

காட்டுத்தீப் புகைமூட்டம் வந்தால் மட்டும் கணக்கு மாறும். 2013 ஜூன் 21 அன்று பிஎஸ்ஐ (காற்று மாசுக் குறியீடு) 401 தொட்டது, 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். அந்த மாதிரி நாளில் சன்னலைச் சாத்தி ஏர்கான் போடலாம், ஆனால் உள்ளே ஏற்கெனவே புகுந்த துகளை எடுக்க ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும் அடர்த்தியான) ஃபில்டர் உள்ள தனிக் காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். வாங்கினால் அறையின் அளவுக்குப் பொருந்துவதாகப் பாருங்கள், சின்னதை வாங்கிக் கூடத்தில் வைத்துப் பயனில்லை.

செங்காங்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, மெத்தை அவன் பிறந்த வருடம் வாங்கியது, கட்டில் முழுக்கப் பொம்மைகள் வேறு, நீங்கள் சொன்ன சோதனையை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். சாம்பிராணி மாமியார் வெள்ளிதோறும் போடுவார், நிறுத்தச் சொல்ல மனம் வராது, சன்னலைத் திறந்துவைத்தே போடச் சொல்கிறேன். அண்ணா, கடையில் விற்கும் காயில் ஸ்ப்ரே டின்னை நானே அடிக்கலாமா?

கருவிப்பெட்டி எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. ஓரத்தில் சர்க்கியூட் போர்டு இருக்கிறது, அதில் பட்டால் போர்டு போய்விடும், அந்தச் செலவு கெமிக்கல் வாஷை விட அதிகம். தவிர, கரைந்த அழுக்கு முழுக்கத் தட்டில் இறங்கி வடிகுழாயை அடைக்கும், அப்புறம் தண்ணீர் சொட்டும். நீங்கள் ஃபில்டர், வெளி மூடி, மடிப்பு இதோடு நிறுத்துங்கள், மூடியைத் திறக்கும் முன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உருளையை விளக்கு அடித்து எடுத்த படம் இருந்தால் இங்கே போடுங்கள். மூன்று யூனிட்டையும் தனித்தனியாக எடுங்கள், எதற்கு கெமிக்கல் வேண்டும், எதற்கு சாதாரண சர்வீஸே போதும் என்று பார்த்துச் சொல்கிறேன்.