சுவிட்ச் ஆஃப், ஆனாலும் ஹோல்டரில் 87 வோல்ட்

கேள்வி:
230 வோல்ட் சப்ளை. சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் டிஜிட்டல் மல்டிமீட்டர் 87 வோல்ட் காட்டுகிறது. எல்இடி பல்பு போட்டால் மினுக் மினுக்கென்கிறது. ஒயரிங்கில் கசிவா?

பதில் 1:
பெரும்பாலும் பொய் வோல்ட்டேஜ்தான். பேஸ் ஒயரும் சுவிட்சிலிருந்து வரும் ஒயரும் ஒரே பைப்பில் நெடுந்தூரம் ஒட்டிப் போனால் இரண்டும் கெப்பாசிட்டர் போல ஆகி, ஒன்றையொன்று தொடாமலே துளி கரண்ட் கடந்துவிடும். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்றால், வெறும் 8.7 மைக்ரோஆம்பியரே 87 வோல்ட்டாகத் தெரியும். 40 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவிட்ச் ஆஃபிலேயே மறுபடி அளந்து பாருங்கள். சுழியத்தை ஒட்டி இறங்கினால் கவலை இல்லை. இறங்காவிட்டால் எங்கோ நிஜ சப்ளை கலக்கிறது.

பதில் 2:
அதற்கு முன் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். இந்தத் தப்பு சகஜம். பல்பைக் கழற்றி, சுவிட்ச் ஆஃபில், ஹோல்டரின் ஒவ்வொரு முனையையும் எர்த்தோடு அளக்கவும். ஒன்றில் முழு 230 வந்தால் அதுதான் கோளாறு. பல்பு மாற்றும்போதே ஷாக் அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு, சுவிட்சைப் பேஸ் ஒயருக்கு மாற்றிக் கொடுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள், பொய் வோல்ட்டேஜுக்கும் அது எரியும்.

பதில் 3:
சுவிட்சில் குட்டி நியான் விளக்கு இருக்கிறதா? அதன் வழியாகவும் எல்இடிக்குக் கொஞ்சம் கரண்ட் போகும். நியானைக் கழற்றுங்கள், அல்லது பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின் சப்ளையில் நேராகப் போடுவதற்கென்றே செய்த) கெப்பாசிட்டர் போடுங்கள். வேறு வகை வேண்டாம், ஷார்ட்டானால் தீப்பிடிக்கும்.