மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் யாருக்கு எந்த இடம்?

மாணவராக இருந்தபோது யூதர்களின் வரலாற்றை நேரில் போய்த் தெரிந்துகொண்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொச்சி அனுபவம்.

எம்.ஏ. வரலாறு படிக்கும்போது துறையிலிருந்து கூட்டிப்போனார்கள். கிளம்புவதற்கு முன்பே எங்கள் பேராசிரியர், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கிடைத்த செப்பேட்டின் படியைக் கையில் கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்திருந்தார். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்து வழங்கியது, எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, பாவாடை (விரிப்புத் துணி), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு), தோரணம் என்று வரிசையாக வர வர எங்களுக்கு அகராதியே தேவைப்படவில்லை. மொத்தம் 72 உரிமைகள், கூடவே வரிவிலக்கு. ஒரு யூத வணிகத் தலைவருக்கு இவ்வளவு மரியாதையா என்று வகுப்பே அசந்துபோனது.

அப்புறம் மட்டாஞ்சேரி. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள்), கொச்சி ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள், வெள்ளையில் நீலம், எல்லாம் கையால் வரைந்தவை. குனிந்து பார்த்தால் ஒரு ஓட்டின் மரக்கிளை வளைந்திருப்பது போல அடுத்த ஓட்டில் இல்லை. பெரும்பாலானவர்கள் ஓடுகளையும் மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எங்கள் பேராசிரியர் விடவில்லை, சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சுகளைக் காட்டி, இதில் எல்லோரும் உட்கார முடிந்ததா என்று கேட்டார்.

முடியவில்லை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்த யூதர்கள் இங்கே பெஞ்சில் உட்காரக் கூடாது, யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க அவர்களை அழைக்கவும் மாட்டார்கள். அந்தப் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். மெட்ராஸில் சட்டம் படித்து வக்கீலானவர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தவர், சொந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்று பெயரே வந்துவிட்டது. தடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன. வைக்கம் 1924ஐப் பக்கம் பக்கமாகப் படித்த எங்கள் பாடத்தில் இவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான். குடையும் பறையும் கொடுத்த செப்பேட்டைப் பத்திரமாக வைத்திருந்த ஆலயத்திலேயே சொந்த மதத்தாருக்கு இடம் மறுத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துத்தான் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

---

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் கல்லூரி புராஜெக்ட்டுக்காகப் பறவூருக்கும் பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போனேன், இரண்டும் மலபாரி யூதர்களின், அதாவது கேரளத்தில் நெடுங்காலமாகவே வாழ்ந்துவந்த யூதர்களின் ஊர்கள். சேந்தமங்கலம் ஆலயத்தின் முன்னால் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது, ஹீப்ரு எழுத்தில், 1269ஆம் ஆண்டுக்குரியது. ஆலயம் இருக்கிறது, தொழ ஆள் இல்லை. 1950களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரே அவர்களுடையதுதான்.

என்னைக் கட்டிப்போட்டது பெண்களின் பாட்டு. கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடுவார்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஊரைவிட்டுப் போகும்போது அந்த நோட்டுகளையும் கையோடு எடுத்துப்போனார்கள். பைபிள் கதைகள்கூட அந்தப் பாட்டுகளில் மலையாளத்தில்தான் வருகின்றன. ஆலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டுகளையும் விடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் ஆண்கள் ஹீப்ருவில் ஓதியதைத்தான் எல்லோரும் குறித்துவைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத் என்பதால் மட்டாஞ்சேரி ஆலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.