வேரின் அகத்தோல் செல்களை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

ஆய்வு மாணவி:
உப்பு மிகும்போது அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுத் தாவரத்தின் வேரில், கடத்து திசுவைச் சூழ்ந்த அடுக்காகிய அகத்தோலில் மட்டும் எந்த மரபணுக்கள் தூண்டப்படுகின்றன என்று அறிய விரும்புகிறேன். முழு வேரையும் அரைத்து ஆர்.என்.ஏ எடுத்தால் எல்லா அடுக்குகளும் கலந்துவிடுகின்றன. அகத்தோலில் மட்டும் பச்சை ஒளிர்புரதம் உருவாகச் செய்து, நொதிகளால் செல் சுவரைக் கரைத்து, ஒளிரும் புரோட்டோபிளாஸ்ட்டுகளை (சுவர் நீங்கிய செல்களை) மட்டும், ஒளிர்வைக் கொண்டு செல்களைப் பிரிக்கும் கருவியான செல் பிரிப்பானில் ஒதுக்கலாம் என்கிறார்கள். சுவரைக் கரைப்பதே செல்லின் மரபணுச் செயல்பாட்டைக் குலைத்துவிடாதா?

மறுமொழி 1:
குலைக்கத்தான் செய்யும். 2003இல் இம்முறையில் வேரின் மரபணுச் செயல்பாட்டு வரைபடம் வெளியானபோதே, நொதியில் ஊறியதால் மட்டும் தூண்டப்பட்ட மரபணுக்களைத் தனியே கண்டறிந்து நீக்கினார்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சுவரிழந்த செல் வெடிக்காதிருக்கக் கரைசலில் சேர்க்கும் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலே சவ்வூடுபரவல் அழுத்தம் தருவதால், உப்பின் விளைவு எது, மானிட்டாலின் விளைவு எது என்று பிரிப்பது கடினம். உப்பிடாத வேரையும் அதே கரைசலில் அதே நேரம் வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மறுமொழி 2:
நானாக இருந்தால் செல்லை விட்டுவிட்டு உட்கருவைப் பிடிப்பேன். 2010இல் வெளிவந்த இன்டாக்ட் முறையில், வேண்டிய செல் வகையில் மட்டும் உட்கரு உறையில் ஒரு புரதம் அமர்கிறது. அதே செல்லில் உள்ள மற்றொரு நொதி அப்புரதத்தின்மேல் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை ஒட்டுகிறது. வேரைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் பூசிய காந்த மணிகளால் அந்த உட்கருக்களை இழுத்துவிடலாம். உறைந்த கணத்திலேயே மரபணுச் செயல்பாடு நின்றுவிடுவதுதான் இதன் பெரிய பலம். ஆனால் சைட்டோபிளாசத்தின் ஆர்.என்.ஏ கைவிட்டுப் போகும். உட்கருவில் இன்ட்ரான் (பின்னர் வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) நீங்காத ஆர்.என்.ஏ நிறைய இருக்கும் என்பதால், கணக்கிடும்போது இன்ட்ரான் பகுதிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3:
மரபணு மாற்றம் எளிதில் கைகூடாத தாவரமாயின் லேசர் நுண்வெட்டு (நுண்ணோக்கியின் கீழ் வேண்டிய செல்களை லேசரால் வெட்டியெடுப்பது) இருக்கிறது. அராபிடாப்சிஸில் அகத்தோல் ஒரே ஓர் அடுக்குதான்; அதை மட்டும் வெட்டியெடுப்பது கடினம் என்பதால், அராபிடாப்சிஸுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. உட்கருவே பொருத்தமாகத் தெரிகிறது. இழுத்தெடுத்தவை தூய்மையானவை என்று எப்படி உறுதி செய்வது?

மறுமொழி 2:
டி.என்.ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டி.ஏ.பி.ஐ சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். பிடிபட்ட உட்கருவைச் சுற்றி மணிகள் மொய்த்திருக்கும். மணியே ஒட்டாமல் நீலமாக ஒளிர்பவை அந்நியமானவை, அவற்றை எண்ணுங்கள். அகத்தோலுக்கு ஸ்கேர்குரோ மரபணுவின் ஊக்கியை (மரபணு எந்தச் செல்லில் இயங்கும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ பகுதி) பயன்படுத்துவீர்களானால், அது வேர்நுனியில் அரிதாகவே பிரியும் செல்கள் உள்ள அமைதி மையத்திலும் இயங்கும். அந்த உட்கருக்களிலும் மணிகள் ஒட்டியே இருக்கும் என்பதால் எண்ணிக்கையில் பிழை தெரியாது. வேரை உறையவைப்பதற்குச் சற்று முன் நுனியை வெட்டி நீக்கிவிடுங்கள்.