பேவர் பிளாக் ஓரம் புல்தரை: மண் எவ்வளவு கீழே இருக்கணும்?

செம்மண் வீடு:
கோவையில் புது வீடு. கேட்டிலிருந்து போர்டிகோ வரை பேவர் பிளாக் போட்டாச்சு. பக்கத்தில் 1000 சதுர அடிக்குக் கொரியன் புல் பதிக்கணும். மண் இப்போ பேவருக்குச் சமமா இருக்கு. "அப்படியே மேல பதிச்சிடலாம், மேடா இருந்தாதான் எடுப்பு" என்கிறார் புல் போடுறவர். சரிதானா? மண்ணை இறக்கணும்னா எவ்வளவு?

மட்டப்பலகை:
எடுப்பு ஒரு மழை வரைக்கும்தான் சார். அப்புறம் செம்மண் வழிஞ்சு பேவர் முழுக்கக் கறை. புல் வெட்டும் மெஷினின் ஒரு சக்கரம் பேவரில் இறங்கி ஓடும்போது ஓரப் புல் மொட்டையாகும்.

வரப்போகும் புல் பத்தையின் கனத்தை அளங்க. மண்ணோடு 1 இன்ச் இருந்தா, பேவர் மேல்மட்டத்திலிருந்து ஒன்றேகால் இன்ச் கீழே மண் நிக்கணும். அதாவது பத்தையின் கனம், கூட கால் இன்ச். பதிச்ச பிறகு வேர்மட்டம் பேவருக்குச் சற்றே கீழே, இலை மட்டும் மேலே. அதுக்காக ரொம்பவும் தோண்டிடாதீங்க. பள்ளமானா ஓரத்தில் தண்ணி தேங்கும், மெஷினுக்கும் ஓரப் புல் எட்டாது.

வாட்டம்:
மேலே சொன்ன அளவு சரி. ஆனா 1000 சதுர அடி முழுக்க ஒன்றேகால் இன்ச் வெட்டினா 100 கன அடிக்கு மேல், ஒரு யூனிட்டைத் தாண்டும். தேவையில்லை. பேவரிலிருந்து 3 அடி அகலத்துக்கு மட்டும் சரிச்சு இறக்குங்க, நடுவில் மெல்ல ஏறட்டும். அதுக்கு முன்னாடி பேவர் தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு ஒரு பக்கெட் ஊத்திப் பாருங்க. புல் பக்கம் வந்தா ஓரத்தில் அரை இன்ச் கூடவே இறக்கலாம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 10 அடிக்கு 2 இன்ச்சாவது வாட்டம், அதாவது தண்ணி ஓடுற சரிவு, கட்டாயம். டியூப் லெவல் (தண்ணி நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) பிடிச்சு நூல் கட்டுங்க, கண்மட்டம் ஏமாத்தும்.

கிளறின மண் அமுங்கும். ரெண்டு தடவை நல்லா தண்ணி விட்டு, ரோலர் உருட்டி, அப்புறம்தான் கடைசி அளவு.

செம்மண் வீடு:
நன்றி. ஓரத்தைத் தோண்டினா 1 இன்ச்சிலேயே பேவரைப் பிடிச்சிருக்கிற கான்கிரீட் தட்டுது. உடைக்கலாமா?

மட்டப்பலகை:
முழுசா உடைச்சா கார் ஏறும்போது ஓர வரிசை விலகிடும். மேல்பக்கத்தை மட்டும் உளியால் சரிவாச் செதுக்குங்க. பேவரின் கனத்தில் கீழ்ப்பாதியை கான்கிரீட் பிடிச்சிருந்தா போதும். 80 மிமீ பிளாக்னா மேலே ஒன்றரை இன்ச் மண்ணுக்கு இடம் கிடைக்கும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்வில் இடுக்கு மணல் கொட்டும்.

வாட்டம்:
செதுக்கினாலும் கீழே கான்கிரீட் இருக்கிற அந்த அரை அடி அகலத்தில் வேர் ஆழமாப் போகாது. சித்திரை வெயிலில் மஞ்சள் பட்டையாத் தெரியறது அங்கேதான், நோய்னு நினைச்சு மருந்தடிக்க வேண்டாம். தண்ணி விட்டா போதும். சிலர் அந்தப் பட்டையில் கூழாங்கல் கொட்டச் சொல்வாங்க. மெஷின் பிளேடில் பட்டு காரின் கண்ணாடிக்குத் தெறிக்கும்.

அப்புறம் வருஷா வருஷம் மேல தூவும் மணலை ஓரத்தில் ஒரு முழம் விட்டுத் தூவுங்க. இல்லேன்னா இன்னிக்கு இறக்கின மட்டம் நாலஞ்சு வருஷத்தில் மறுபடி ஏறிடும்.