எண்ட் போஸ்டிங் தேர்வில் மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

வெள்ளைக்கோட்டு_வாலு:
எம்.பி.பி.எஸ். ஃபைனல் இயர். தியரியில் பயமில்லை, படித்தால் 70 சதவீதம் வந்துவிடுகிறது. வார்டுதான் ஒவ்வொரு தடவையும் காலை வாருகிறது. போன வாரம் மெடிசின் எண்ட் போஸ்டிங்கில் (வார்டு போஸ்டிங் முடியும்போது வைக்கிற தேர்வு) நாற்பது வயது அம்மா ஒருவரை லாங் கேஸாகக் (முழுதாக விசாரித்து, பரிசோதித்துச் சொல்ல வேண்டிய கேஸ்) கொடுத்தார்கள், மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இதய வால்வுச் சுருக்கம். ‘மூச்சு வாங்குது, மயக்கமா வருது’ என்றார். நானும் சின்கோப் (நினைவு தப்பி விழுவது) என்று எழுதிக்கொண்டு போய் ஜம்மென்று பிரசன்ட் பண்ணினேன். சீஃப் பேசாமல் பெட்டுக்கு வந்து, ‘மயக்கம்னா எப்படிம்மா, கீழே விழுந்துட்டீங்களா?’ என்று கேட்டார். ‘இல்லைங்கய்யா, சோத்தப் பார்த்தாலே உமட்டிக்கிட்டு வருது.’ அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. 50க்கு 24. என்னைவிடக் குறைவாகப் படிக்கிற என் பேட்ச் பையனுக்கு 38!

யுனிவர்சிட்டியில் மெடிசினுக்குத் தியரி 200, பிராக்டிகலும் 200. டிஸ்டிங்ஷன் ஆசை இருக்கிறது. வார்டில் நன்றாக வாங்கின அண்ணன்கள், அக்காக்கள் யாராவது வழி சொல்லுங்கள். ‘நிறைய கேஸ் பார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

டியூட்டி_முடியாத_அக்கா:
நான் இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. (படிப்பு முடிந்து செய்கிற கட்டாயப் பயிற்சி). உனக்கு மார்க் போனது அந்த ஒரு வார்த்தையில்தான். நம் ஊர் நோயாளி மயக்கம் என்றால் தலைசுற்றலாக இருக்கலாம், நினைவு தப்பியதாக இருக்கலாம், உமட்டலாகவோ வெறும் அசதியாகவோகூட இருக்கலாம். ‘நெஞ்சுல கேஸ் அடைச்ச மாதிரி இருக்கு’ என்று வந்தவருக்கு ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வார்த்தையை அப்படியே எழுதிக்கொள், அப்புறம் ‘அப்படின்னா எப்படி இருக்கும்மா, சொல்லுங்க’ என்று இன்னொரு தடவை கேள். ஆங்கிலத்துக்கு மாற்றுவது அதற்கும் பிறகு.

இன்னொன்று, அந்த உமட்டல் வீண் தகவல் இல்லை. மைட்ரல் ஸ்டெனோசிஸ் முற்றி வலது பக்கம் ஃபெயிலியர் ஆனால் ஈரலிலும் குடலிலும் ரத்தம் தேங்கும், பசி போகும், உமட்டும். அந்த அம்மா உனக்கு விடையையே எடுத்துக் கொடுத்திருக்கிறார், நீ சின்கோப்பாக்கி விட்டாய்!

புத்தகத்தில் இருக்கிறதே என்று ‘எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள்’ என்றும் கேட்காதே. பாதிப் பேர் வீட்டில் பாயில் படுப்பவர்கள். ‘மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா, எழுந்து உட்கார்ந்தா சரியாகுதா’ என்று கேள். எவ்வளவு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பதற்கு, முன்பு தண்ணீர்க் குடத்தோடு நிற்காமல் வந்த தூரத்தை இப்போது எத்தனை இடத்தில் நின்று வருகிறார் என்று கேட்டால் பதில் உடனே வரும். ரவுண்ட்ஸ் முடிந்து இரண்டு மணிக்கு மேல் வார்டு ஓய்ந்துவிடும், அப்போது போய் ஒரே ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார். பத்து கேஸை எட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.

கத்தி_பிடிக்கும்_அண்ணன்:
அக்கா ஹிஸ்டரியை, அதாவது நோயாளியிடம் விசாரிப்பதைச் சொல்லிவிட்டார், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன் (சர்ஜரியில் மேற்படிப்பு படிக்கிறேன்). எக்ஸாமினர் உன் வாயைவிடக் கையைத்தான் பார்ப்பார். ஹெர்னியாவையும் வெரிகோஸ் வெயினையும் நிற்க வைத்துப் பார்க்காமல் படுத்தபடியே முடித்துவிட்டாய் என்றால் அதற்கப்புறம் நீ என்ன படித்தாய் என்பது யாருக்கும் வேண்டாம். தைராய்டு வீக்கம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும், விழுங்கச் சொல்ல. மண்ணீரலை வலது அடிவயிற்றிலிருந்து தடவிக்கொண்டே மேலே போ. இடது விலா ஓரத்தில் நேராகக் கை வைத்தால், பெருத்துக் கிடக்கிற மண்ணீரலின் விளிம்பு உன் கைக்குக் கீழேயே போய்விடும். உன் மைட்ரல் கேஸில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் பெல் பக்கத்தை லேசாக வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லிக் கேட்டாயா? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லிவிடு தம்பி. கேட்காத மர்மரை (இதய இரைச்சலை) கேட்டேன் என்று சொல்லி மாட்டியவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ரூம்மேட்டைக் கட்டிலில் படுக்கப்போட்டு, இன்னொருத்தனைக் கடிகாரத்தோடு நிற்க வைத்துச் செய்து பார். முதல் தடவை கேவலமாக இருக்கும்.

பார்டர்_பாஸ்:
எல்லாம் சரிதான், கேஸ் அதிர்ஷ்டத்தைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? எனக்கு வந்தவர் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி. அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து பெட்டில் என் நண்பனுக்குக் கதை கதையாகச் சொல்கிற ரிட்டயர்டு வாத்தியார். நான் பாஸ், அவன் டிஸ்டிங்ஷன்.

வார்டு_ஏ.பி.:
அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாஷை தெரியாத கேஸ் என்றால் நாங்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் மார்க் போடுகிறோம். கூட வந்தவரையோ நர்ஸையோ கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லத் தோன்றியதா என்றும் பார்ப்போம், அதுவும் டாக்டர் வேலைதானே.

டயக்னோசிஸ் தவறினாலேயே மார்க் போகும் என்று நினைக்கிறீர்கள். ஹிஸ்டரியும் ஃபைண்டிங்கும் நீங்கள் சொல்கிற முடிவுக்கு இட்டுச் சென்றால், முடிவு கொஞ்சம் தப்பானாலும் நான் கை நிறையப் போடுவேன். சரியான பெயரைச் சொல்லிவிட்டு ‘ஏன்?’ என்றதும் முழிப்பவரிடம்தான் கை இழுக்கிறது. அடுத்த கேள்வி பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்தே பிறக்கிறது. கிளப்பிங் (விரல் நுனி உருண்டு பருத்திருப்பது) இருக்கிறது என்று சொன்னால் காரணங்களைக் கேட்பேன், எனவே தெரிந்ததை மட்டும் வாயில் எடுங்கள். பீடியாட்ரிக்ஸில் டேப் எடுக்காமல் ‘ஊட்டச்சத்துக் குறைவு’ என்றால் எப்படி நம்புவது? 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் அது கடுமையான வகை. அளந்து சொல்லுங்கள்.

பார்த்த கேஸ்களை அவ்வப்போது எழுத வேண்டிய லாக் புக்கைக் கடைசி வாரத்தில் மொத்தமாக நீட்டுகிறவர்களை எங்களுக்கு முகம் பார்த்தே தெரியும், ஒரே பேனா மை.

வெள்ளைக்கோட்டு_வாலு:
அக்கா சொன்ன மாதிரி இன்று இரண்டரை மணிக்குப் போனேன். அந்த அம்மா இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. மல்லாந்து படுக்க முடியுமா என்று கேட்டேன். ‘படுக்கவா? ரெண்டு மாசமா செவுத்துல சாஞ்சுக்கிட்டேதான்பா தூங்குறேன்’ என்றார். போன வாரமும் இதே பெட்தான், இதே அம்மாதான். அன்றைக்கு என் பேப்பரில் ‘தலையணை: 1’ என்று எழுதியிருக்கிறேன்.