ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ்: ஒற்றை செனட்டர் அத்தனையையும் முடக்கியது எப்படி?

வடகரை கேட்டது:

வணக்கம். வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் 1973 முதல் 2003 வரை அமெரிக்க செனட்டில் இருந்தார். அந்த 30 ஆண்டுகளில் அவருடைய குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான். அவர் கொண்டுவந்த தீர்மானங்களில் பெரும்பாலானவை தோற்றன. ஆனாலும் ஏழு அதிபர்களின் ஆட்சியிலும் அவரைக் கேட்காமல் பல காரியங்கள் நகரவில்லை. ‘செனட்டர் நோ’ என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. 100 பேர் உள்ள அவையில் ஒருவர் இதை எப்படிச் செய்ய முடியும்? இத்தனை எதிர்ப்புக்கு நடுவே ஐந்து தேர்தல்களில் எப்படி ஜெயித்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதிநூல் பதில்:

செனட்டின் அன்றாட வேலை வாக்கெடுப்பில் ஓடுவதில்லை. ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?’ என்று கேட்டு, ஏகமனதான ஒப்புதலில்தான் ஓடுகிறது. ஒருவர் எழுந்து ‘ஆட்சேபிக்கிறேன்’ என்றால் சுருக்கு வழி மூடிவிடும். இப்படி ஆட்சேபிக்கப் போவதாகக் கட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ‘ஹோல்ட்’. தூதர் நியமனமோ மசோதாவோ, அதோடு அது அலமாரிக்குப் போய்விடும்.

அதை மீறி நடத்த வேண்டுமானால் க்ளோச்சர், அதாவது விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம், வேண்டும். 16 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனு, இடையில் ஒரு நாள் காத்திருப்பு, பிறகு 60 வாக்குகள் (நியமனங்களுக்கு 60 என்பது 2013 வரைதான்). ஜெயித்தாலும் விவாதம் அந்த நிமிடமே முடியாது. 1979 விதிப்படி இன்னும் 100 மணி நேரம் பாக்கி இருக்கும்; 1986-ல்தான் அது 30 மணி நேரமாகக் குறைந்தது. மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கே ஒரு சுற்று, மசோதாவுக்கு இன்னொரு சுற்று. ஆக, தோற்கப் போகிற ஒருவரால்கூட அவையின் ஒரு வாரத்தைத் தின்றுவிட முடியும். விடுமுறைக்கு முந்தைய வாரமாக இருந்தால் தலைவர் சண்டை போடமாட்டார், பேரம் பேசுவார். ஹெல்ம்ஸ் கணக்கு வைத்தது அந்த வாரத்தின் மேல்தான். இந்த வித்தையை அவர் கற்றது அலபாமா செனட்டர் ஜேம்ஸ் ஆலனிடம்.

குழுத் தலைவரான பிறகு ஹோல்ட்கூடத் தேவைப்படவில்லை. 1995 முதல் 2001 வரை வெளியுறவுக் குழு அவர் கையில் இருந்தது. கூட்டத்துக்குத் தேதி குறிப்பது தலைவர். அவர் குறிக்காவிட்டால் நியமனம் அங்கேயே சாகும். 1997-ல் மெக்சிகோ தூதராக வில்லியம் வெல்டை கிளின்டன் முன்மொழிந்தார். அதற்காக வெல்ட் மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவியையே விட்டுவிட்டு வந்தார், அவரும் குடியரசுக் கட்சிக்காரர். ஹெல்ம்ஸ் விசாரணை வைக்க மறுத்தார். உறுப்பினர்கள் மனுக் கொடுத்துக் கூட்டத்தைக் கூட்ட வைத்தபோதும், தலைவர் நாற்காலியில் இருந்தவர் அவர்தானே; வெல்ட் பேச்சே எழாமல் பார்த்துக்கொண்டார். சில நாட்களில் வெல்ட் விலகினார்.

பழைய ஏடு பதில்:

விதிநூல் சொன்னது பாதி. தோற்கிற திருத்தங்களை அவர் ஏன் விடாமல் கொண்டுவந்தார் என்பது மறுபாதி.

செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்குத் தொடர்பே இல்லாத திருத்தத்தையும் கொண்டுவரலாம். ஹெல்ம்ஸ் கருக்கலைப்பு, பள்ளிப் பிரார்த்தனை போன்றவற்றை ஏதாவது நிதி மசோதாவில் செருகி, பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கச் சொல்வார். திருத்தம் தோற்கும். ஆனால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாகிவிடும். அடுத்த தேர்தலில் அந்தப் பதிவுதான் எதிராளியின் தலையில் விழும் விளம்பரம், நன்கொடை கேட்டு வீடுவீடாகப் போகும் கடிதம்.

கடிதங்களை அனுப்பிய அமைப்பு காங்கிரஷனல் கிளப். ஹெல்ம்ஸின் 1972 தேர்தல் கடனை அடைக்கத் தொடங்கப்பட்டது; அவருடைய கூட்டாளி டாம் எல்லிஸ் நடத்தினார். முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் போட்ட பணம் திரும்பினாலே பெரிது. ஒரு தடவை 15 டாலர் அனுப்பியவரின் முகவரிதான் சொத்து, அவருக்கு மறுபடி மறுபடி எழுதலாம். இதில் உள்ள கோளாறு, திரட்டியதில் பெரும்பங்கு தபால் செலவுக்கே போய்விடும். கோபமூட்டும் புது விஷயம் எப்போதும் வேண்டும், சூடு ஆறினால் வரவு நின்றுவிடும். அதனால் அவையில் சண்டை ஓயக்கூடாது. 1978-ல் அவர் செலவிட்டது 70 லட்சம் டாலருக்கு மேல். எதிர்த்து நின்ற ஜான் இங்ரமின் செலவு 3 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இதே இயந்திரம்தான், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 1976 வட கரோலினா முதற்கட்டத் தேர்தலில் ரீகனைக் காப்பாற்றியது. அதுவரை வரிசையாக அதிபர் ஃபோர்டிடம் தோற்றுக்கொண்டிருந்தவர் அங்கேதான் முதலில் ஜெயித்தார்.

வாக்கு வங்கியைப் பொறுத்தவரை, 1960 முதல் 1972 வரை மாநிலத் தலைநகர் ராலேயின் டபிள்யூஆர்ஏஎல் தொலைக்காட்சியில் சுமார் 2,700 தலையங்கங்கள் வாசித்தவர் அவர். கிழக்கு மாவட்டப் புகையிலை விவசாயி வீட்டில் அந்தக் குரல் தினமும் கேட்டது. ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துவிட்டு இவருக்கு வாக்களித்தவர்களுக்கு ‘ஜெஸ்ஸிக்ராட்’ என்றே பெயர். இருந்தும் ஒரு தேர்தலில்கூட 55 சதவீதத்தை அவர் தாண்டவில்லை.

நெய்தல் பதில்:

இருவர் சொன்னதும் சரி. ஆனால் இதை வெறும் சாமர்த்தியமாகப் படிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த இயந்திரத்துக்கு எரிபொருள் நிறவெறிதான்.

1983 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை எதிர்த்து நெடும்பேச்சில் இறங்கினார். கிங் மீது கம்யூனிஸ்ட் முத்திரை குத்தும் சுமார் 300 பக்க ஆவணத்தை அவையில் வைத்தார். நியூயார்க் செனட்டர் மொய்னிஹான் அதைத் தரையில் எறிந்து காலால் மிதித்தார். மசோதா 78-22 என்று நிறைவேறியது. அவையில் படுதோல்விதான். ஊரில் கதை வேறு. கருத்துக்கணிப்புகளில், அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்த ஆளுநர் ஜிம் ஹன்ட் முன்னணியில் இருந்தார்; அதன் பிறகு இடைவெளி சுருங்கியது, 1984-ல் ஹெல்ம்ஸ் 51.7 சதவீதம் பெற்று ஜெயித்தார்.

1990 விளம்பரத்தைப் பாருங்கள். எதிராளி ஹார்வி கான்ட், சார்லட் நகரின் முன்னாள் மேயர், கறுப்பினத்தவர். திரையில் முகமே தெரியாது. கட்டம்போட்ட சட்டைக்குள் ஒரு வெள்ளைக்காரரின் இரண்டு கைகள், ஒரு கடிதம். உங்களுக்கு வேண்டிய வேலை அது, தகுதியும் உங்களுக்கே இருந்தது, இன ஒதுக்கீட்டால் சிறுபான்மையினருக்குப் போய்விட்டது என்று ஒரு குரல். கை கடிதத்தைக் கசக்கும். முகம் காட்டாததால் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளையரும் அது தன் கை என்று எடுத்துக்கொள்ளலாம். ஹெல்ம்ஸ் 52.5 சதவீதம்.

எய்ட்ஸில்தான் உயிர்ச்சேதம். 1987-ல் விழிப்புணர்வுப் பிரசுரங்கள் தன்பாலின உறவை ‘ஊக்குவிக்கக்’ கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம் 94-2 என்று நிறைவேறியது. ஆணுறை பற்றித் தெளிவாக எழுதவே அரசு நிதி பெற்ற அமைப்புகள் தயங்கின. அதே ஆண்டு எச்ஐவி உள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழையவும் தடை வந்தது. 1992 சர்வதேச எய்ட்ஸ் மாநாடு பாஸ்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது இதனால்தான். 2010-ல் தடை நீங்கி, 2012-ல்தான் மாநாடு மறுபடி அமெரிக்க மண்ணுக்கு வந்தது. 2002-ல், இன்னும் அதிகம் செய்யாமல் இருந்ததற்கு வெட்கப்படுவதாக அவரே எழுதினார், ஆப்பிரிக்கக் குழந்தைகளை மனதில் வைத்து. சொந்த நாட்டில் செத்த தன்பாலின ஆண்களைப் பற்றிய பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வடகரை:

மூவருக்கும் நன்றி. வெளிநாட்டு உதவிப் பணம் கருக்கலைப்புக்குப் போவதைத் தடுக்க அவர் கொண்டுவந்த 1973 ஹெல்ம்ஸ் திருத்தமும், அதிபர் மாறும்போதெல்லாம் போய்ப்போய் வரும் ‘மெக்சிகோ சிட்டி கொள்கை’யும் ஒன்றுதானா? பல கட்டுரைகளில் கலந்து வருகிறது.

விதிநூல் பதில்:

ஒன்றல்ல. மெக்சிகோ சிட்டி கொள்கை 1984-ல் ரீகன் அரசு அறிவித்தது. அதிபரின் ஆணை என்பதால் ஒருவர் போடுவார், அடுத்தவர் எடுப்பார். அமெரிக்க உதவி பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் செய்யும் கருக்கலைப்புப் பணியையும் அது கட்டுப்படுத்தும்.

ஹெல்ம்ஸ் திருத்தம் வெளிநாட்டு உதவிச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை நீக்க காங்கிரஸ்தான் வேண்டும். அமெரிக்க உதவிப் பணத்துக்கு மட்டும் பொருந்தும். ‘குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக’ நடக்கும் கருக்கலைப்புக்குப் பணம் தரக்கூடாது என்பதே வாசகம். அப்படிப் பார்த்தால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் தாயின் உயிருக்கு ஆபத்தான நிலையிலும் உதவ இடமுண்டு என்று வாதிட முடியும். ஆனால் கட்சி வேறுபாடின்றி அதிகாரிகள் அதை முழுத்தடையாகவே நடைமுறைப்படுத்தினார்கள். அவர் செனட்டுக்கு வந்த முதல் ஆண்டில் எழுதிய வரி அது.