புதுப்பிப்பு: இரும்புக்கை மாயாவியை மறுபடியும் படித்தாச்சு

சின்ன வயதில் மயங்கிய 'இரும்புக்கை மாயாவி' (முத்து காமிக்ஸின் முதல் இதழ், 1972) இப்போதும் பிடிக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மும்பை மாட்டுங்கா நண்பர் ஒருவர் தன் பிரதியை இரவல் தந்தார், அட்டை கசங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சரி, படித்துவிட்டேன்.

பிடித்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. மாயாவியான லூயிஸ் கிராண்டேல் முதலில் ஹீரோவே இல்லை! ஆய்வக விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும் குற்றத்தில்தான் இறங்குகிறார். உளவாளி வேலையெல்லாம் பிற்பாடுதான். எனக்கென்னவோ அந்தக் கெட்ட கிராண்டேல்தான் சுவாரசியம். ஹேசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை ஓவியத்தில், ஆளே தெரியாமல் இரும்புக்கை மட்டும் மிதக்கும் கட்டங்கள் இன்றும் மிரட்டுகின்றன. அப்புறம், மும்பையில் வேறு மாயாவி இதழ்கள் யாரிடமாவது இருக்கிறதா? அதே நிபந்தனைக்கு நான் தயார்.